மார்கழித் தண்டவாளம்

என் மாமனார் எனக்குப் பெண் கொடுத்ததற்கு ஒரு காரணம், நான் ரயில்வேயில் கீமேன் என்பது. "சாவியே மாப்பிள்ளை கையிலதான் இருக்குதாம்" என்று ஊரில் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தார். ஏதோ ஸ்டேஷன் கஜானாச் சாவி என்று நினைத்துவிட்டார் போல. கல்யாணத்துக்கு அப்புறம், காக்கி டிராயரும் தோளில் பையுமாக நான் லைனில் நடந்து போவதைப் பார்த்த அன்றைக்கு அவர் முகம் போன போக்கை என் மனைவி இன்னும் சொல்லிச் சிரிப்பாள்.

தண்டவாளத்தைச் சிலீப்பர் கட்டையோடு இறுக்கிப் பிடிக்கிற இரும்புத் துண்டுக்குத்தான் அந்தக் காலத்தில் சாவி என்று பெயர். அது தளர்ந்திருந்தால் சுத்தியலால் அடித்து இறுக்குகிறவன் கீமேன். பிறகு கான்கிரீட் கட்டை வந்தது, சாவி போய் வளைந்த கம்பியாக ஒரு கிளிப் வந்தது. வேலைக்கு மட்டும் பழைய பெயரே நின்றுவிட்டது.

1983இல், தண்டவாளத்தைப் பராமரிக்கிற கேங்கில் ஒரு ஆளாக, கேங்மேனாகச் சேர்ந்தேன். விழுப்புரத்திலிருந்து அரியலூர் வழியாகத் திருச்சி போகிற கார்டு லைன் என்கிற குறுக்குப் பாதையில்தான் சர்வீஸ் முழுக்க. அதில் பதினான்கு வருஷம் கீமேன். என் எல்லை ஆறு கிலோமீட்டர். பையில் சுத்தியல், ஸ்பேனர், உபரி கிளிப்புகள், இரண்டு சிவப்புக் கொடி, ஒரு டப்பாவில் பட்டாசு. போகும்போது ஒரு தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டு போக வேண்டும், திரும்பும்போது மற்றதை. கிலோமீட்டருக்கு 1,660 கட்டை. கட்டைக்கு நான்கு கிளிப். கணக்குப் போட்டால் நாற்பதாயிரத்துக்கு 160தான் குறைவு. தினமும் இத்தனையும் கண்ணில் பட்டாக வேண்டும்.

தலையைக் குனிந்தே நடக்கிற உத்தியோகம். வானத்தைப் பார்க்க நேரம் கிடையாது. கீழே பார்த்தால் ஜல்லி, கிரீஸ், எறிந்த டீ கப், அப்புறம் வண்டிக் கழிப்பறையிலிருந்து விழுந்தது எல்லாம். பயோ டாய்லெட் வந்து அது குறைவதற்குள் என் சர்வீஸில் பாதிக்கு மேல் ஓடிவிட்டது. வீட்டுக்கு வந்தால் கொல்லையில் குளித்துவிட்டுத்தான் உள்ளே நுழைவேன். சாமி அறைப் பக்கம் போகவே கூச்சமாக இருக்கும். பூஜையெல்லாம் மனைவி பார்த்துக்கொள்வாள்.

மார்கழியில்தான் இது உறைக்கும். ஊரே விடியற்காலையில் குளித்துக் கோயிலுக்குப் போகும். கோபுரத்து ஒலிபெருக்கியில் பாட்டு ஓடும். எனக்கோ அந்த மாதத்தில்தான் லைனை விட்டு நகர முடியாது. இரும்புக்கும் குளிரும். பழைய காலத்தில் பன்னிரண்டு, பதின்மூன்று மீட்டருக்கு ஒரு ஜாயிண்ட் இருக்கும், சுருங்கவும் நீளவும் அங்கே இடைவெளி விட்டிருப்பார்கள். 'தடக் தடக்' என்று நாம் கேட்டு வளர்ந்த சத்தம் அந்த இடைவெளியுடையது. பின்னால் வெல்டு வைத்துக் கிலோமீட்டர் கணக்கில் ஒரே கம்பியாக்கிவிட்டார்கள். குளிரில் சுருங்கப் பார்க்கும், கிளிப்புகள் விடாது. முறுக்கேறி அப்படியே கிடக்கும். எங்கேயாவது ஒரு வெல்டு பலவீனமாக இருந்தால் விடியற்காலைக் குளிரில் அங்கேதான் விட்டுக்கொடுக்கும்.

2006, பொங்கலுக்கு ஒரு வாரம் இருந்தது. பனி இறங்கி, நாலு கட்டைக்கு அப்பால் தெரியவில்லை. தண்டவாளத்தின் மேல் பனித்துளி வெள்ளையாகப் படிந்து நீளமாக ஒரு கோடு போலப் போய்க்கொண்டே இருந்தது. ஓரிடத்தில் அந்தக் கோட்டுக்குக் குறுக்கே கறுப்பாக ஒரு கீறல். எண்ணெய்க் கறை என்று நினைத்துக் குனிந்து விரலை வைத்தேன். கட்டைவிரல் உள்ளே போனது.

அப்போது அது ஒற்றைப் பாதை. வடக்கேயிருந்து வண்டி வருகிற நேரம். உடைந்த இடத்தில் கொடியை நட்டுவிட்டு வடக்கே ஓடினேன். 600 மீட்டரில் ஒரு பட்டாசு. 1,200 மீட்டரில் பத்துப் பத்து மீட்டர் விட்டு மூன்று. சக்கரம் ஏறினால் வெடிக்கும், சத்தம் கேட்டால் டிரைவர் நிறுத்தியாக வேண்டும். மூன்றாவதைத் தண்டவாளத்தில் மாட்டும்போது விரல் நடுங்கி அது ஜல்லியில் விழுந்துவிட்டது. பனியில் தடவித் தேடினேன். கோயில் ஒலிபெருக்கி அது பாட்டுக்குப் பாடிக்கொண்டிருந்தது.

வண்டி நின்றது. டிரைவர் இறங்கி வந்து என் முதுகில் ஒரு தட்டுத் தட்டினார், தண்ணீர் பாட்டிலை நீட்டினார். ஒரு பெட்டியின் வாசலில் நின்று பல் தேய்த்துக்கொண்டிருந்த அம்மா, "இன்னும் எவ்வளவு நேரம்தாம்ப்பா போடுவீங்க?" என்று என்னைக் கேட்டார். உடைசலின் இரு பக்கமும் ஃபிஷ்பிளேட் என்கிற இணைப்புத் தகடும் கிளாம்பும் வைத்துப் பிடித்து, நடந்து போகிற வேகத்தில் வண்டியை விட்டோம். ஜன்னல் ஒவ்வொன்றாக என்னைத் தாண்டிப் போனது. பாதிப் பேர் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

வீட்டில் மனைவி சூடம் ஏற்றினாள். "சாமிதாங்க உங்க கண்ணுக்குக் காட்டியிருக்கு" என்றாள். மறுநாள் எங்கள் கேங் மேஸ்திரியிடம் இதைச் சொன்னேன். அவர் பீடியை எடுத்துவிட்டு, "பாக்கச் சொல்லித்தானே தம்பி உனக்குச் சம்பளம்?" என்றார்.

இரண்டு பேச்சும் எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் மனைவியின் பேச்சில் எனக்கு ஒரு சிக்கல். அன்றைக்குச் சாமி காட்டியது என்றால், மற்ற நாளெல்லாம் அது எங்கே போயிருந்தது? பதினான்கு வருஷத்தில் இப்படி உடைசலைக் கண்டது இரண்டே தடவை. மீதி நாளெல்லாம் எல்லாக் கிளிப்பும் இருந்த இடத்தில் இருந்தது, வண்டி வந்தது, போனது. எனக்கு மெதுவாக அந்த மீதி நாட்கள் மேல்தான் பிரியம் வந்தது. நடந்துகொண்டே இருப்பேன், ஒரு கட்டத்தில் வீட்டுக் கவலை, பையன் ஃபீஸ், சொசைட்டிக் கடன் எல்லாம் நின்றுபோகும். கிளிப், கட்டை, கிளிப், கட்டை. சுத்தியலால் தட்டினால் இறுக்கமான கிளிப் ஒரு மாதிரிப் பேசும், தளர்ந்தது வேறு மாதிரி. அந்தப் பேச்சுக்குக் காது கொடுத்துக்கொண்டு போகும்போது பக்கத்தில் யாரோ கூடவே நடப்பது போல இருக்கும். திரும்பிப் பார்க்கத் தோன்றாது. திரும்பினால் ஒரு கிளிப் விட்டுப்போகுமே.

இதையெல்லாம் கேங்கில் சொன்னால் சிரிப்பார்கள். சொன்னதில்லை.

கீமேன் ஆவதற்கு முன்னால் மழைக்கால இரவுப் பேட்ரோல் போயிருக்கிறேன். ஐப்பசி, கார்த்திகை எங்கள் செக்‌ஷனுக்குப் பயமான மாதங்கள். அதற்கு ஒரு பழைய காரணம் உண்டு. 1956 நவம்பர் 23, விடியாத நேரம், அரியலூருக்குப் பக்கத்தில் மருதையாற்றுப் பாலத்தை வெள்ளம் அரித்துவிட்டிருந்தது. தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் அதில் ஏறி ஆற்றில் விழுந்தது. 140க்கும் மேற்பட்டவர்கள் போய்ச் சேர்ந்தார்கள். ரயில்வே மந்திரியாக இருந்த லால் பகதூர் சாஸ்திரி ராஜினாமா செய்தார் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். எங்களுக்கு அது பாடம் இல்லை, வீட்டுக் கதை. மேஸ்திரியின் அப்பா அப்போது கேங்கில் இருந்தவர். மழை வலுத்தால் மேஸ்திரி பாலத்துப் பக்கம் முகத்தைத் திருப்பி ஒரு நிமிஷம் பேசாமல் நிற்பார்.

பேட்ரோல் என்றால் கையில் விளக்கு, தலையில் மழைக்குக் கொங்காணி, தனியாள். உங்கள் எல்லை முடிகிற இடத்தில் எதிர்ப்பக்கத்து ஆளைச் சந்தித்துப் புத்தகத்தை மாற்றிக்கொண்டு திரும்ப வேண்டும். ஒரு ராத்திரி மழை சாட்டையால் அடிப்பது போல அடித்தது. பக்கத்து ஓடையில் தண்ணீர் ஏறும் சத்தம். எல்லைக்கல்லில் போய் நின்றேன். எதிரே ஒருவரும் இல்லை. பத்து நிமிஷம், கால்மணி. வாயில் எந்தச் சாமி பெயரும் வரவில்லை, அவ்வளவு பயம். அப்புறம் தூரத்தில், கடுகளவு வெளிச்சம். அசைந்தது. மறைந்தது. மறுபடி தெரிந்தது. அது கிட்டே வர எவ்வளவு நேரம் ஆனதோ தெரியாது, நான் அதிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. வந்து நின்ற ஆள் நனைந்த கோழி மாதிரி இருந்தார். புத்தகத்தை நீட்டிக்கொண்டே, "சாப்டியாப்பா?" என்று கேட்டார். ராத்திரி ரெண்டு மணிக்கு, கொட்டுகிற மழையில்! மடியிலிருந்து பிளாஸ்டிக் தாளில் சுற்றிய ரெண்டு முறுக்கை எடுத்து ஒன்றை எனக்குத் தந்தார்.

எல்லா நாளும் முறுக்கு கிடைக்காது. ஒரு காலை லைனில் அடிபட்டுக் கிடந்த ஒரு முதியவரைப் பார்த்தேன். தகவல் சொல்லிவிட்டு, போலீஸ் வரும்வரை காவல் இருக்க வேண்டும். மூன்று மணி நேரம். என் துண்டு போதவில்லை. அன்றைக்கு அங்கே கடவுள் இருந்தார் என்று சொல்ல எனக்கு இப்போதும் வாய் வராது. பக்கத்துக் கடலைக் காட்டில் களை எடுத்துக்கொண்டிருந்த ஒரு பாட்டி வந்தாள். பார்த்தாள், போனாள், ஒரு பழைய சேலையோடு திரும்பி வந்து போர்த்தினாள். களைக்கொத்தைத் தரையில் வைத்துவிட்டு, அரைக்கூலி போனாலும் பரவாயில்லை என்று போலீஸ் வரும்வரை என்னோடு உட்கார்ந்திருந்தாள். "யார் பெத்த புள்ளையோ" என்று ஒரே ஒரு தடவை சொன்னாள். என்னைவிட வயதான ஆளைப் போய்ப் புள்ளை என்கிறாளே என்று அப்போது நினைத்தேன்.

2019இல் ஓய்வு பெற்றேன். இப்போது அங்கே இரட்டைப் பாதை. போன வைகுண்ட ஏகாதசிக்கு ஸ்ரீரங்கம் போக வேண்டும் என்று மனைவி பிடிவாதம் பிடித்தாள். "முப்பது வருஷமா மார்கழிக்கு என்கூடக் கோயிலுக்கு வந்திருக்கீங்களா?" என்று கேட்டால் என்ன பதில் சொல்வது? விடியாத நேரத்து வண்டி. அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து உதட்டை அசைத்துக்கொண்டு வந்தாள். நான் வாசலில் நின்றேன். டிக்கெட் பரிசோதகர் உள்ளே போகச் சொன்னார். பழைய ஆள் என்று சொன்னேன், விட்டுவிட்டார்.

மருதையாறு தாண்டியது. பனி. லைனுக்கு ஓரமாக ஒரு இளைஞன் ஒதுங்கி நின்றான், தோளில் பை, கையில் சுத்தியல். காதில் மஃப்ளர். புது கீமேன். எனக்குத் தெரியாத பையன். கையைத் தூக்கி ஆட்டினேன்.

அவன் என்னைப் பார்க்கவில்லை. ஓடுகிற சக்கரங்களையே பார்த்துக்கொண்டிருந்தான்.