காயா இல்லாத காலை ரொட்டி

மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட் பக்கம் காலையில் ரொட்டி என்றாலே காயா என்கிற தேங்காய்ப்பால், முட்டை ஜாமும் மார்ஜரினும்தான். இனிப்பு வேண்டாம் என்று தோன்றுகிற நாளில் நான் செய்வது வேறு. ஒரு வெள்ளரிக்காய், பாதி கேரட், இரண்டையும் துருவி, கொஞ்சம் உப்புப் போட்டுப் பிசறிப் பத்து நிமிடம் விட்டால் தண்ணீர் விட்டுக்கொள்ளும், அதைக் கையால் ஒட்டப் பிழிந்துவிட வேண்டும், இங்கே சோம்பல்பட்டால் ரொட்டி சொதசொதவென்று ஆகிவிடும். அப்புறம் கெட்டித் தயிர் இரண்டு கரண்டி, பொடியாக அரிந்த சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், மிளகுத்தூள். லீமாவ் கஸ்தூரி என்கிற சின்ன எலுமிச்சை ஒன்றைக் கடைசியில் பிழியுங்கள். அந்த வாசனைக்காகவே செய்யலாம். மயோனைஸ்? தங்கச்சி கேட்பாள், நான் போடுவதில்லை. ரொட்டியை ஓரம் சிவக்கச் சுட்டு, சாப்பிட உட்காரும்போதுதான் மேலே பரப்ப வேண்டும். மிச்சத்தை ஐஸ்பெட்டியில் வைத்தாலும் மறுநாள் தண்ணீர் விட்டுவிடும், அன்றைக்கே தீர்த்துவிடுங்கள்.