கூட ஒரு எலும்பு

ஜூன் 9
இடது கால் மாவுக்கட்டின் மேல் கடைக் கவரைச் சுற்றிக் குளித்தேன். இடவப்பாதி மழை விடாமல் கொட்டுகிறது. கவருக்குள்ளும் தண்ணீர் இறங்கிவிட்டது.

ஜூன் 12
கட்டைப் பிரித்தாயிற்று. போட்ட இடத்தில் அல்ல, நாகர்கோவிலில் வேறொரு டாக்டரிடம். எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "முறிவுன்னு யாரு சொன்னா?" உடைந்த துண்டு என்றால் ஓரம் சொரசொரப்பாக இருக்குமாம். இது வறுத்த கடலை மாதிரி உருண்டு, சுற்றிலும் வெள்ளைக் கோடு போட்டு அழகாக இருக்கிறது. அப்புறம் வலது காலையும் எடுக்கச் சொன்னார். அதிலும் ஒன்று! விழாத கால்.

காலுக்கு 26 எலும்பு, உங்களுக்கு 27 என்றார். பத்துப் பேரில் ஒருவருக்கு இருக்குமாம். சரி, பத்து நாள் சம்பளத்தை யாரிடம் கேட்பது?

ஜூன் 13
அந்தக் கூடுதல் எலும்புக்குப் பெயர் ஆக்சசரி நாவிகுலர். நாவிகுலர் என்றால் படகெலும்பு. வள்ளத்தை ஒட்டி நிற்கிற குட்டி வள்ளம்.

ஜூன் 15
அம்மா திண்ணையில் மரச்சீனிக் கிழங்கு தோல் உரித்துக்கொண்டிருந்தாள். காலை நீட்டு என்றேன். உள்பக்கம், கணுக்காலுக்குச் சற்றுக் கீழே, கொஞ்சம் முன்னால். அதே புடைப்பு, ரெண்டு காலிலும்.

"இது செருப்பு கடிச்ச காய்ப்பு மக்ளே. சின்னதுலேயே உண்டு."

காய்ப்பு இல்லம்மா, எலும்பு என்றேன்.

"எலும்புன்னா வலிக்க வேண்டாமா?"

அதுதான் எனக்கும் புரியவில்லை. இந்தக் காலோடு முப்பது வருஷம் விளையில் ஏறி இறங்கி ரப்பர் வெட்டியிருக்கிறாள். ஒரு நாள் வலித்ததில்லை. எனக்கு மட்டும் பஸ் படியில் ஒரு சறுக்கல் போதுமா? டாக்டர் சீட்டின் பின்னால் படம் வரைந்து காட்டினார். கூடுதல் எலும்பும் படகெலும்பும் குருத்தெலும்பால் ஒட்டியிருக்கின்றன. உள்ளங்கால் வளைவைத் தூக்கிப் பிடிக்கும் தசைநாண் அங்கேதான் வந்து சேர்கிறது. கால் புரண்டதில் அந்த ஒட்டு அசைந்துவிட்டது. இத்தனை நாள் சும்மா இருந்த ஒட்டு.

அம்மா வர்ம வைத்தியம் பார்க்கிற ஆசானிடம் தடவலாம் என்கிறாள். அவள் கிழங்கை அரிந்த வேகத்தைப் பார்த்தால் கோபம்தான். தன்னால் வந்தது என்று நான் சொன்னதாக எடுத்துக்கொண்டாளோ? நான் சொல்லவில்லை. நினைத்தேன், அவ்வளவுதான்.

ஜூன் 18
பாப்பா தூங்கின பிறகு டார்ச் அடித்து அவள் காலைப் பார்த்தேன். ஒன்றுமில்லை.

ஜூன் 19
ஒன்றுமில்லை என்று எப்படிச் சொல்வது? சின்ன வயசில் அது வெறும் குருத்தெலும்பு, எக்ஸ்ரேயிலேயே தெரியாதாம். ஒன்பது, பத்து வயசுக்கு மேல்தான் தெரிய ஆரம்பிக்குமாம். பாப்பாவுக்கு ஆவணியில் ஒன்பது.

ஜூன் 24
கால் அசையாமல் இருக்க டாக்டர் போடச் சொன்ன பூட்ஸோடு வேலைக்குப் போனேன். கடையில் நிற்கிறவர்களுக்கு இருக்கை கொடுக்கணும் என்று 2021-லேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்தாயிற்று. ஸ்டூலும் இருக்கிறது. அதன்மேல் ஜாக்கெட் பிட் அடுக்கியிருக்கிறார்கள். மதியம் பிட்டையெல்லாம் ரேக்குக்கு மாற்றிவிட்டு உட்கார்ந்தேன். சூபர்வைசர் பூட்ஸைப் பார்த்தார், ஸ்டூலைப் பார்த்தார், போய்விட்டார்.

ஜூன் 25
ஸ்டூலின் மேல் மறுபடியும் பிட்.

ஜூலை 2
வலி.

ஜூலை 9
இன்னும் ரெண்டு வாரம் பூட்ஸ். அப்புறம் செருப்புக்குள் வைக்க வளைவான சோல், பயிற்சி. அதிலும் அடங்காவிட்டால் ஆபரேஷன்: எலும்பை எடுத்துவிட்டு தசைநாணைத் திரும்பப் பிடிக்க வைப்பார்களாம். எடுத்ததைக் கையில் தருவார்களா என்று கேட்க வாய் வந்தது. அம்மாவிடம் காட்ட வேண்டும், காய்ப்பாம்.

பஸ் மார்த்தாண்டம் மேம்பாலம் ஏறும்போது எதிர் சீட்டு ஆட்களின் காலையே பார்த்துக்கொண்டு வந்தேன். பத்தில் ஒன்று என்றால் இந்த பஸ்ஸில் நாலைந்து பேர் இருக்கணும். ஒரு பாட்டி சேலையை இழுத்து மூடிக்கொண்டாள்.

ஜூலை 13
"எதுக்கும்மா டார்ச்சு?"
முழித்துதான் இருந்திருக்கிறாள்.

ஜூலை 16
ஸ்கூல் ஷூ இடிக்கிறதாம். சைஸ் பத்தவில்லை என்கிறாள் அம்மா. எந்தப் பக்கம் இடிக்கிறது என்று நான் இன்னும் கேட்கவில்லை.