பெயர் கேட்காத குரல்

தம்பி ஏற்காட்டிலிருந்து இறங்கி வந்த மூன்றாம் நாள் காலை, குளியலறைக் கதவை உடைத்துத்தான் அவனை வெளியே எடுத்தோம். உதடு நீலம் பாரித்திருந்தது. மூச்சு எப்போதோ ஒன்று, குறட்டை மாதிரி வந்தது. 108 வண்டி வந்து, மருத்துவமனையில் ஓர் ஊசி போட்டதும் சில நிமிடத்தில் கண் விழித்தான். அந்த ஊசியின் பெயர் நலாக்சோன் என்பதெல்லாம் பிறகு தெரிந்தது. எட்டு நாள் மாத்திரையையே தொடாதவன் எப்படி இப்படி ஆனான் என்று மட்டும் எனக்குப் புரியவே இல்லை.

அந்த எட்டு நாள் என் ஏற்பாடு. தம்பிக்குக் கொலுசுப் பட்டறையில் பற்றவைக்கிற வேலை. காலையிலிருந்து இரவு வரை குனிந்த முதுகு. வலிக்கு என்று கூட வேலை செய்தவர் கொடுத்த மாத்திரையில் ஆரம்பித்தது. பிறகு வலி இல்லாத நாளிலும் அது வேண்டும். கிடைக்காவிட்டால் ஓயாத கொட்டாவி, மூக்கொழுகல், பேதி, கால் குடைச்சல், உடம்பெல்லாம் புல்லரிப்பு. விஷக் காய்ச்சல் என்று நினைத்து நிலவேம்புக் கஷாயம் வைத்துக் கொடுத்தோம். அலமாரிக்குப் பின்னால் காலி மாத்திரை அட்டைகள் கிடைத்த அன்றுதான் விஷயம் வெளிவந்தது. ஏற்காட்டில் காபித் தோட்டத்தில் மாமா இருக்கிறார். இருபது கொண்டை ஊசி வளைவு தாண்டி, கடைகண்ணி இல்லாத இடத்தில் வைத்திருந்தால் சரியாகிவிடும் என்று நம்பினேன். முதல் மூன்று நாள் துடித்தான். எட்டாம் நாள் வயிறாரச் சாப்பிட்டான். "தெளிஞ்சுட்டாம்மா" என்று மாமா போன் செய்தார்.

இதை யாரிடம் சொல்வது? எங்கள் சேலம் அம்மாபேட்டையில் தறிச்சத்தத்தை மீறியும் சேதி போய்விடும். மருத்துவமனையில் வேறு ஒருவர் வராந்தாவிலேயே "போலீஸ் கேஸ் ஆகும் பாத்துக்குங்க" என்று சத்தம் போட்டிருந்தார். அம்மா அன்றிலிருந்து வாசல் கதவைத் திறக்கவே பயந்தார்.

14446 என்ற எண்ணை ஒரு விளம்பரத்தில் பார்த்துக் குறித்து வைத்திருந்தேன். மத்திய சமூக நீதி அமைச்சகத்தின் கட்டணமில்லாத போதை மீட்பு உதவி எண். மொட்டை மாடிக்குப் போய் அடித்தேன். ரிங் போனதும் இரண்டு முறை வைத்துவிட்டேன். மூன்றாவது முறை ஒரு பெண் குரல். நான் "என் பேரு..." என்று தொடங்கும்போதே, "பேரு வேணாம்மா, விஷயத்தைச் சொல்லுங்க" என்றார். அதைக் கேட்டு நான் அழுத அழுகை எனக்கே புதிது. நிறுத்தும் வரை அவர் காத்திருந்தார்.

அப்புறம் ஒவ்வொன்றாகக் கேட்டார். என்ன மாத்திரை? அட்டையைப் பார்த்து எழுத்துக்கூட்டிப் படித்தேன்: டேப்பன்டடால். ஒரு நாளைக்கு எத்தனை, விழுங்குகிறாரா, ஊசியில் ஏற்றுகிறாரா, கூடவே மதுவோ தூக்க மாத்திரையோ உண்டா? பாதிக்கு எனக்குப் பதில் தெரியவில்லை. "பரவால்லம்மா, அவர்கிட்டயே கேட்டுக்கலாம்" என்றார். என் எட்டு நாள் கேள்விக்கும் அவர்தான் விளக்கம் சொன்னார். அது அபின் வகை வலி மருந்து. உடம்பு பழகப் பழக அளவு கூடும், நிறுத்தினால் உடம்பின் அந்தத் தாங்கும் சக்தி சில நாளிலேயே குறைந்துவிடும். ஆனால் கை பழைய அளவைத்தான் எடுக்கும். அதில் மூச்சு அடங்கிவிடும். அதாவது நான் நிம்மதியாகத் தூங்கிய அந்த இரண்டு இரவுகள்தான் அவனுக்கு ஆபத்தான நாட்கள். இதை ஒருவர் முன்பே எனக்குச் சொல்லியிருந்தால் மலைக்கே அனுப்பியிருக்க மாட்டேன்.

போலீஸ் பயத்தையும் சொன்னேன். 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்திலேயே, தானாகச் சிகிச்சைக்கு முன்வரும் அடிமைப்பட்டவருக்குப் பாதுகாப்புத் தரும் 64ஏ என்ற பிரிவு இருக்கிறது என்றார். அம்மாவிடம் அதை இரண்டு முறை சொன்னேன்.

மறுநாள் அதே எண்ணைப் போட்டு, போனைத் தம்பி கையில் கொடுத்துவிட்டுக் கீழே இறங்கிவிட்டேன். அவன் வேறு ஏதோ பெயர் சொல்லிக்கொண்டது படியில் கேட்டது. முக்கால் மணி நேரம் பேசினான். என்ன பேசினான் என்று இன்று வரை நான் கேட்டதில்லை. இறங்கி வந்து, "டாக்டர்கிட்ட போலாம்க்கா" என்றான்.

மனநலப் பிரிவில் புப்ரினார்ஃபின் என்ற மாத்திரை தொடங்கினார்கள். அதுவும் அபின் வகைதான். நாக்குக்கு அடியில் வைத்துக் கரைய விட வேண்டும். பழைய மாத்திரை உடம்பிலிருந்து இறங்கி, வித்டிராயல், அதாவது மருந்து கிடைக்காத அவஸ்தை, தொடங்கிய பிறகுதான் முதல் மாத்திரை கொடுக்கலாம். முந்திக் கொடுத்தால் அவஸ்தை திடீரென்று ஏறிவிடுமாம். அந்தக் காலை பெஞ்சில் கொட்டாவி விட்டுக்கொண்டு, தொடை நடுங்க உட்கார்ந்திருந்தான். நான் அவன் முழங்காலைப் பிடித்துக்கொண்டே இருந்தேன். மாத்திரை கரைந்த ஒரு மணி நேரத்தில், "காப்பி வாங்கிக் குடு" என்றான்.

"ஒரு போதைக்கு இன்னொரு போதையா?" என்று அம்மா கேட்டார். சர்க்கரைக்கு அவர் தினம் போடும் மாத்திரையைக் காட்டி விளக்கினேன். உலக சுகாதார நிறுவனம் புப்ரினார்ஃபினை 2005லேயே அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்திருக்கிறது.

நான்காம் மாதம் ஒரு நாள் சட்டைப் பையில் மீண்டும் அட்டை இருந்தது. கத்தாமல் இருக்க எனக்கு முழு பலமும் தேவைப்பட்டது. திரும்ப அடித்தேன். இந்த முறை வேறு குரல். பெயர் இல்லாததால் கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டியிருந்தது. அந்தச் சிரமம் உண்டுதான், அதற்காகப் பெயர் கேட்டிருந்தால் நான் முதல் நாளே வைத்திருப்பேன். "வழுக்கினதை டாக்டர்கிட்ட மறைக்காம சொல்லச் சொல்லுங்க, இருக்கிற மாத்திரையை விட்டுறக் கூடாது" என்றார். அவனே போய்ச் சொன்னான்.

இப்போது பட்டறைக்குப் போகிறான். முதுகுவலிக்கு டாக்டர் சொன்ன பயிற்சியை விடியலில் செய்கிறான்.

போன வாரம் எங்கள் தெருக்கோடி அக்கா, பால் வாங்க வந்த இடத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ ஏதோ நம்பர் வச்சிருக்கியாமே" என்றார். பால் அட்டையின் பின்பக்கம் 14446 என்று எழுதிக் கொடுத்தேன். யாருக்கு என்று கேட்கவில்லை.