வெண்கால் குதிரை

வேலியில் ஓர் அட்டை கட்டியிருந்தது. "குதிரை இலவசம். நல்ல வீட்டுக்கு மட்டும்" என்று ஆங்கிலத்தில் கொட்டை எழுத்து, கீழே தொலைபேசி எண். 2022 ஜூலை மாதம். டெக்சாஸில் புல்லெல்லாம் பொரிந்து கிடந்த கோடை. காலை நடைக்குப் போனவள் அப்படியே நின்றுவிட்டேன். அன்று இரவு ஊருக்குப் பேசியபோது முதல் வேலையாக அப்பாவிடம் சொன்னேன்.

"சும்மாவா? வண்டியோடவா, வண்டி இல்லாமலா?" என்று கேட்டார் அப்பா. பின்னாலிருந்து அம்மா, "அங்க கொள்ளு கிடைக்குதாமா?" என்றாள். அப்பா சிரித்துவிட்டு, "தானம் குடுத்த மாட்டப் பல்லப் புடிச்சுப் பாக்காதேம்பாங்க. நீ பாத்துக்கம்மா. பல்லுலதான் வயசு இருக்கு" என்றார்.

நாங்கள் இருப்பது ஃபார்னி. டாலஸுக்குக் கிழக்கே, காஃப்மன் கவுண்டியில். கவுண்டி என்றால் நம்மூர் மாவட்டம் மாதிரி. புது வீடுகள் வரிசையாக வந்து எங்கள் தெருவோடு முடிந்துவிடும். அந்தப் பக்கம் வேலி, வேலிக்கு அப்பால் மேய்ச்சல் நிலம். வந்து ஒரு வருஷத்தில் எல்லாம் பழகிவிட்டது என்றுதான் ஊரில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். கார் ஓட்டப் பழகிவிட்டேன், பக்கத்து வீட்டுக்காரர்களோடு வானிலை பேசப் பழகிவிட்டேன். ஆனால் அடுப்படி ஜன்னலைத் திறந்தால் சாணமும் காய்ந்த புல்லும் கலந்த வாசம் வரும். அந்த நிமிஷம் தலைஞாயிறு பக்கத்தில் எங்கள் வீட்டுக் கொட்டிலில் நிற்பேன். அம்மா கழுநீர்த் தொட்டியில் தவிட்டைக் கலக்கிக்கொண்டிருப்பாள்.

வேலிக்கு அந்தப் பக்கம் இருந்த பெரியவருக்கு எண்பதை நெருங்கும் வயது. இடுப்பு அறுவை சிகிச்சை முடிந்து ஊன்றுகோலோடு நடந்தார். அவரிடம் மிஞ்சியிருந்தது ஒரே ஒரு பெண்குதிரை. செம்பழுப்பு நிறம், நெற்றியில் வெள்ளை நட்சத்திரம், நாலு காலிலும் குளம்புக்கு மேலே வெள்ளை. எங்கள் பகுதிக்காரர்களுக்கு இதைச் சொன்னாலே போதும். உம்பளச்சேரி மாட்டுக்கும் அதே நட்சத்திரம், அதே வெண்கால். கன்றில் சிவப்பாகப் பிறந்து வளர வளரச் சாம்பலாகும், கொம்பு தீய்த்த மொட்டை மாடு. முழங்கால் சேற்றில் நாள் முழுக்க உழும். நான் ஜன்னலில் நின்று அந்தக் குதிரையைப் பார்த்துக்கொண்டிருந்ததற்குக் காரணம் அந்தக் கால்கள்தான்.

இந்தியக் கடையில் கொள்ளு வாங்கி, வேகவைத்து, ஆறவைத்து, ஒரு டப்பாவில் கொண்டுபோனேன். பெரியவர் முகர்ந்து பார்த்தார். ஆங்கிலத்தில் இதன் பெயரிலேயே குதிரை இருக்கிறது என்று சொன்னதும் கண் சுருங்கச் சிரித்தார். கால்நடை மருத்துவரிடம் தொலைபேசியில் கேட்டுவிட்டு, ஒரு கைப்பிடி கொடுக்கச் சொன்னார். குதிரை உதட்டால் துழாவித் தின்றது. உள்ளங்கையில் அந்தச் சூடான மூச்சுப் பட்டது. அமெரிக்கா வந்த பிறகு எனக்குக் கிடைத்த பெரிய சந்தோஷம் அது.

அட்டை இரண்டு நாள்கூடத் தொங்கவில்லை. சாலையில் போன ஒரு பெண்மணி வண்டியை நிறுத்தி, இறங்கி வந்து, அவரே அதைக் கழற்றினார். கைவிடப்பட்ட குதிரைகளைக் காப்பாற்றும் குழு ஒன்றில் இருப்பவராம். "இலவசம் என்று எழுதாதீர்கள், கில் பையர் வந்து கொண்டுபோய்விடுவான்" என்று பெரியவரிடம் சொன்னார். பேத்திக்குக் குதிரை வேண்டும் என்பது போல வந்து பேசி, டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு போய், மெக்சிகோவுக்கு அனுப்பிவிடுவார்களாம். நான் பக்கத்தில்தான் நின்றேன். அந்தச் சொல்லை முன்பு கேட்டதில்லை. ஆனால் ஆள் யார் என்று எனக்கு உடனே தெரிந்தது. அடிமாட்டு வியாபாரி. கையிலிருந்த கொள்ளு டப்பா கனத்தது.

அப்புறம்தான் நான் குடியிருக்கும் இடம் எதுவென்று தெரிந்துகொண்டேன். இதே கவுண்டியின் தலைநகரான காஃப்மனில் 2007 வரை குதிரை அறுக்கும் ஆலை இயங்கியிருக்கிறது. ஃபோர்ட் வொர்த்தில் ஒன்று, இல்லினாய் மாநிலத்தில் டிகால்பில் ஒன்று. நாட்டில் கடைசியாக மிஞ்சியிருந்தவை இந்த மூன்றும்தான். இறைச்சி பெரும்பாலும் ஐரோப்பாவுக்குப் போனது. காஃப்மன் மக்கள் நாற்றத்தோடும் சாக்கடையில் கலந்த கழிவோடும் வருஷக்கணக்கில் போராடினார்கள். மேயராக இருந்த பாலா பேக்கன் ஆலைக்கு எதிராக வெளிப்படையாக நின்றார். மனிதர் உண்பதற்குக் குதிரை இறைச்சி விற்பதைத் தடுக்கும் டெக்சாஸ் சட்டம் ஒன்று 1949-லிருந்தே இருந்திருக்கிறது. அது செல்லும் என்று 2007 ஜனவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்ன பிறகு டெக்சாஸ் ஆலைகள் மூடப்பட்டன. அதே வருஷம் இல்லினாயும் சட்டம் போட்டது.

இங்கே எல்லோருக்கும் இதில் ஒரு கட்சி உண்டு. தீவனக் கடைக்காரர் ஆலை மூடியது தப்பு என்கிறவர். ஆலை இருந்தவரை நொண்டிக் குதிரைக்கும் ஒரு விலை இருந்தது, விலை இருந்ததால் யாரும் தெருவில் விடவில்லை என்றார். 2008-இல் பொருளாதாரம் விழுந்தபோது ஆட்கள் ராத்திரியில் வந்து அடுத்தவர் நிலத்தில் குதிரையை அவிழ்த்துவிட்டுப் போன கதைகளைச் சொன்னார். குழுப் பெண்மணி அதை ஏற்கவில்லை. வேண்டாத குதிரை என்று எதுவும் பிறப்பதில்லை, பந்தயத்துக்கும் கண்காட்சிக்கும் கணக்கில்லாமல் ஈனவைக்கிறவர்கள்தான் அதை வேண்டாததாக ஆக்குகிறார்கள் என்றார். குதிரை மிரளும் பிராணி, தலையை ஒரு நிலையில் வைக்காது, மாட்டுக்குச் செய்வது போல ஆணித் துப்பாக்கியால் ஒரே அடியில் முடிப்பது கஷ்டம் என்பதையும் அவர்தான் சொன்னார்.

இரண்டு பேர் சொன்னதிலும் உண்மை இருக்கிறது. எனக்கு நெஞ்சில் தைத்தது வேறு ஒன்று. ஆலையை மூடினார்கள், குதிரைகள் நிற்கவில்லை. 2010-இல் மட்டும் சுமார் 1,38,000 குதிரைகள் கனடாவுக்கும் மெக்சிகோவுக்கும் போயின என்று அரசின் தணிக்கை அலுவலகமே 2011-இல் அறிக்கை கொடுத்திருக்கிறது. மூடுவதற்கு முந்தைய 2006-இல் உள்நாட்டில் அறுத்ததையும் வெளியே போனதையும் கூட்டினாலும் கிட்டத்தட்ட அதே எண்ணிக்கைதான் வருகிறது. தண்ணீரும் தீனியும் இல்லாமல் 28 மணி நேரம் வரை வண்டியில் கொண்டுபோக விதி இடம் கொடுக்கிறது. 2015-இல் மெக்சிகோவின் குதிரை இறைச்சியை ஐரோப்பிய ஒன்றியம் நிறுத்தியது. இப்போது எண்ணிக்கை வெகுவாகக் குறைந்திருக்கிறது. ஆனாலும் வண்டிகள் மெக்சிகோ எல்லையிலுள்ள ஈகிள் பாஸ் வழியாக இன்னும் போகின்றன. ஏற்றுமதியை நிறுத்தும் சட்டம் எத்தனையோ முறை அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸில் கொண்டுவரப்பட்டும் நிறைவேறவில்லை. உள்நாட்டில் ஆலைகள் மறுபடி திறக்காமலிருக்க, இறைச்சியைச் சோதிக்கும் அரசு ஆய்வாளர்களுக்கு நிதி தராமல் வருஷா வருஷம் தள்ளிக்கொண்டு போகிறார்கள். மருந்து விஷயம் வேறு. கால்வலிக்குக் குதிரைகளுக்குக் கொடுக்கிற பியூட் என்ற மருந்தை உணவுக்கான பிராணிக்குக் கொடுக்கவே கூடாது. பெரியவரின் குதிரை அதைத் தினமும் தின்றது.

மேற்கே காட்டுக் குதிரைகள் வேறு இருக்கின்றன. 1971-இல் சட்டம் போட்டுக் காப்பாற்றி, அவை பெருகியதும் பிடித்து, இன்று 60,000-க்கும் மேற்பட்டவற்றைப் பட்டிகளிலும் ஒப்பந்தப் புல்வெளிகளிலும் வைத்து அரசு தீனி போடுகிறது. இதைப் படித்ததும் கோடியக்கரை வந்து நின்றது. தை அமாவாசைக்குக் கடலில் முழுக்குப் போடப் போனால், திரும்பும் வழியில் சதுப்பு ஓரமாக மட்டக் குதிரைகள் நிற்கும். பிடரியெல்லாம் சடை. "யாரு குதிரைப்பா?" என்று கேட்பேன். "யாரோடதும் இல்லம்மா. எந்தக் காலத்துலயோ யாரோ விட்டுட்டுப் போனது." வெளிமான் தின்னவேண்டிய புல்லை இவை தின்றுவிடுகின்றன என்று அங்கேயும் புகார் உண்டு. இங்கே மாட்டுக்காரர்கள் சொல்வதும் அதேதான், புல் யாருக்கு என்பதுதான்.

அந்தக் கோடையில் தீனி விலை ஏறிக்கொண்டே போனது. இங்கே உருண்டையாகக் கட்டி வைத்திருப்பது வைக்கோல் இல்லை, அறுத்துக் காயவைத்த புல். மழை இல்லாததால் புல்லும் இல்லை. பெரியவர் உருண்டைகளை விரல்விட்டு எண்ணிக்கொண்டு நின்றதைப் பார்த்தபோது எனக்கு 2003 ஞாபகம் வந்தது.

அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது. இரண்டு வருஷமாகக் காவிரித் தண்ணீர் எங்கள் கடைமடைக்கு ஒழுங்காக வரவில்லை. குறுவையை மறந்தே போனோம், சம்பாவும் கருகியது, போர் போட வைக்கோல் இல்லை. உழவுக்கு ஏற்கெனவே ட்ராக்டர் வந்துவிட்டது. எங்களிடம் இருந்தது ஒரு ஜோடி உம்பளச்சேரி, பெரியவன், சின்னவன் என்று கூப்பிடுவோம். சின்னவனை ஒரு வண்டிக்காரர் வாங்கிக்கொண்டார். பெரியவனுக்குப் பதினாலு வயது. பத்து வயது தாண்டி, வேலைக்கும் இனவிருத்திக்கும் உதவாத மாட்டை அறுக்கலாம் என்கிறது தமிழ்நாட்டின் 1958-ஆம் வருஷச் சட்டம். எங்கள் வீட்டில் யாரும் சட்டம் பார்க்கவில்லை. தரகர் வந்தார். துண்டைப் போட்டு மூடி இரண்டு பேரும் விரல் பிடித்து விலை பேசினார்கள். எந்த விரலில் முடிந்தது என்று அப்பா இன்றுவரை சொன்னதில்லை. தரகர் புதுக்கயிறு கொண்டுவந்திருந்தார். அப்பா பழைய கயிற்றை அவிழ்த்துக் கொட்டில் ஆணியில் மாட்டிவிட்டு, கைகால் கழுவக் குளத்துக்குப் போய்விட்டார். லாரி கிளம்புகிற வரைக்கும் வரவில்லை. கேரளா போகும் என்று சித்தப்பாதான் சொன்னார். பெரியவன் திரும்பித் திரும்பிக் குளத்துப் பக்கமே பார்த்தது. மூக்கணாங்கயிற்றை இழுத்துக் கட்டியதும் அதுவும் முடியவில்லை.

அக்டோபரில் பெரியவர் முடிவெடுத்தார். குதிரையால் படுத்தால் எழ முடியவில்லை. காப்பகங்களில் இடமில்லை. என்னையும் வரச் சொன்னார். பக்கத்துப் பண்ணைக்காரர் இயந்திரத்தால் முதல் நாளே குழி தோண்டிவிட்டார், நல்ல ஆழத்தில். அந்த ஊசி மருந்து உடம்பிலேயே தங்கிவிடும், நாயோ கழுகோ தோண்டித் தின்றால் அதுவும் செத்துவிடும் என்று மருத்துவர் விளக்கினார். முதலில் மயக்க ஊசி. பெரியவர் ஊன்றுகோலைக் கீழே போட்டுவிட்டுக் குதிரையின் நெற்றியில் தன் நெற்றியை வைத்துக்கொண்டார். ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தார், எனக்குக் கேட்கவில்லை. நான் கடைசியாக ஒரு கைப்பிடி கொள்ளு கொடுத்தேன். இரண்டாவது ஊசி போட்டதும் முன்கால்கள் மடிந்தன. அவ்வளவு சீக்கிரமாக முடியும் என்று நான் நினைக்கவில்லை.

மருத்துவருக்கும் இயந்திரத்துக்கும் ஆன செலவு அவருக்குச் சின்னத் தொகை இல்லை. ஓய்வூதியத்தில் வாழ்கிறவர். ஆலையைத் திறக்கச் சொல்கிறவர்களோடு என்னால் சேர முடியாது, அந்த லாரியை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் ஆலையை மூடச் சொன்ன ஊர், இப்படிப்பட்ட ஒருவரின் கடைசிச் செலவில் பங்கெடுக்க ஒரு வழி செய்திருக்க வேண்டும் என்றே நினைக்கிறேன். அந்தச் செலவுக்குப் பயந்துதான் பலர் டிரெய்லர்காரனைக் கூப்பிடுகிறார்கள். எங்கள் ஊரிலும் கிழட்டு மாட்டுக்கு ஒரு வருஷத் தீனி கொடுக்க யாராவது இருந்திருந்தால் அப்பா அன்றைக்குக் குளத்துக்குப் போயிருக்க மாட்டார்.

இரவு அப்பாவிடம் சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன், நெற்றியோடு நெற்றி வைத்தது உட்பட. அந்தப் பக்கம் வெகுநேரம் பேச்சே இல்லை. மின்விசிறி சுற்றும் சத்தம் மட்டும் கேட்டது.

"கயித்த எடுத்துக்கிட்டாரா?" என்றார்.

"எடுத்துக்கிட்டார்ப்பா. குழியில இறக்குறதுக்கு முன்னாடி அவரே கழட்டிக்கிட்டார்."

"செரிம்மா" என்று போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டார்.