ரிப்போர்ட்டில் ‘நில்’

ஜூன் 4
இரண்டாவது ரிப்போர்ட்டிலும் விந்தணு ‘நில்’, அதாவது ஒன்றுகூட இல்லை. போன தடவை லேபில் சாம்பிள் மாறியிருக்கும் என்று பேசிக்கொண்டோம், இந்தத் தடவை மெஷினில் சுழற்றி அடியில் தங்கினதையும் பார்த்திருக்கிறார்கள். குழந்தை இல்லையென்று என் மனைவிக்கு ஸ்கேன், ஹார்மோன், கருக்குழாயில் மருந்து விட்டு எக்ஸ்ரே என்று எல்லாம் முடிந்த பிறகுதான் என் கையில் டப்பாவைக் கொடுத்தார்கள். இருக்கிற டெஸ்ட்டிலேயே வலியில்லாதது இதுதான்! வடிவுடையம்மனுக்கு வெள்ளிக்கிழமை விரதமும் அவள்தான்.

ஜூன் 11
காசிமேட்டில் வெல்டிங் வேலை, சூட்டினாலா சார் என்று டாக்டரிடம் கேட்டேன். விரைகளுக்கு உடம்புச் சூட்டைவிட 2 முதல் 4 டிகிரி குறைவாக வேண்டுமாம், சூடு எண்ணிக்கையைக் குறைக்கலாம், ஆனால் ஒன்றுமே இல்லையென்றால் வழியில் அடைப்பா, உற்பத்தியே இல்லையா என்றுதான் பார்க்க வேண்டும் என்றார். குரோமோசோம் டெஸ்ட்டுக்கு ரத்தம் கொடுத்தாயிற்று.

ஜூன் 19
தூக்கம் வராமல் படித்தது. ஜீன் இருந்தால் மட்டும் போதாது, சரியான நேரத்தில் அது வேலை செய்ய வேண்டும். விந்தணுவின் தலைக்குள் டிஎன்ஏவை இறுக்கிக் கட்டுவது புரோட்டமின் என்ற புரதம். அதற்கான ஆர்என்ஏ, அதாவது ஜீனிலிருந்து எடுத்த படி, முன்கூட்டியே தயாராகி, புரதமாக மாறாமல் பல நாள் காத்திருக்கிறது, ஏனென்றால் டிஎன்ஏ இறுகிய பிறகு புதிதாக எதையும் படியெடுக்க முடியாது. எலிகளில் அந்தப் புரதத்தைச் சீக்கிரமே உண்டாக்கிப் பார்த்திருக்கிறார்கள், விந்தணு வளர்ச்சி பாதியிலேயே நின்றுவிட்டது. லேகியம் விற்பவருக்கு இதெல்லாம் தெரியுமா?

ஜூலை 2
ரத்த ரிப்போர்ட் வந்தது. ஆண்களுக்கு மட்டும் இருக்கும் ஒய் குரோமோசோமில் ஏஇசட்எஃப் என்ற பகுதிக்கு ஏ, பி, சி என்று துண்டுகள், அதில் சி துண்டு (ஏஇசட்எஃப்சி) எனக்கு இல்லை. விந்தணு உற்பத்திக்கு வேண்டிய டிஏஇசட் ஜீன்கள் அங்கேதான் இருக்கின்றன. ஏ அல்லது பி துண்டு முழுசாகப் போயிருந்தால் விரைக்குள் தேடுவதே வீண், சி என்பதால் அங்கங்கே கொஞ்சம் கிடைக்க வாய்ப்பு இருக்கிறதாம். கிடைத்தால் ஒரு விந்தணுவை நேராக முட்டைக்குள் செலுத்துவார்கள். மகன் பிறந்தால் இதே குறை அவனுக்கும் போகும், மகளுக்குப் போகாது.

ஜூலை 6
அம்மாவிடம் நானே சொன்னேன். “நம்ம வம்சத்துல யாருக்கும் இல்லையேடா” என்றாள். அப்பாவுக்கு இருந்திருந்தால் நான் பிறந்திருப்பதே கஷ்டம்மா, பெரும்பாலும் இது மகனிடம்தான் புதிதாக வரும் என்றேன். கொஞ்ச நேரம் கழித்து, மருமகளுக்கு வாங்கி வைத்த கஷாயப் பொடியைத் திருப்பிக் கொடுத்தால் கடைக்காரன் காசு தருவானா என்று கேட்டாள்.