படமாளிகை மறைந்தாலும் சந்திப் பெயர் நிற்கும்: யாழ்ப்பாணத்துப் பழைய திரைகள்

யாழ்ப்பாணத்தில் பழைய படமாளிகைகளைத் தேடுபவர் முகப்பை நம்பக்கூடாது. வெலிங்டன், வின்சர், றீகல், மனோகரா, ராணி, லிடோ என்று வரிசையாகச் சொல்லலாம். ஆனால் பலவற்றில் படம் நின்று பல காலம். வெலிங்டன் சந்தி என்று ஓட்டோக்காரரிடம் சொன்னால் போதும், கொண்டுபோய் விடுவார். ஸ்ரீதர் படமாளிகையோ பின்னாளில் அரசியல் கட்சி ஒன்றின் அலுவலகமானது.

பழைய கட்டடம் எதற்குள்ளாவது நுழைய அனுமதி கிடைத்தால், திரைப்பக்கம் போகாமல் திரும்பிப் பின்சுவரைப் பாருங்கள். புறஜெக்டர் ஒன்றுக்கு இரண்டு ஓட்டை: ஒன்றால் வெளிச்சம் போகும், மற்றதால் ஒப்பறேற்றர் எட்டிப் பார்ப்பார். இரண்டு புறஜெக்டர் என்றால் நாலு. கூரையில் புகைபோக்கி மிச்சமிருந்தால் கார்பன் குச்சி எரிந்த இடம் அது: இரண்டு குச்சிகளின் நுனிகளுக்கிடையே மின்சாரம் மூட்டும் சுடர்தான் புறஜெக்டரின் விளக்கு.

35 மில்லிமீற்றர் படச்சுருள் நிமிடத்துக்கு 90 அடி ஓடும். 2,000 அடிச் சுருள் 22 நிமிடத்தில் தீர்ந்துவிடும்; அடுத்த சுருள் மற்றப் புறஜெக்டரில் காத்திருக்கும். திரையின் வலது மேல்மூலையில் முதல் புள்ளி மின்னினால் இரண்டாவது புறஜெக்டரின் மோட்டாரைப் போடவேண்டும். ஏறக்குறைய ஏழு வினாடியில் அடுத்த புள்ளி, அப்போது மாற்றவேண்டும். பிந்தினால் வெறும் வெள்ளைத் திரை. கலரியிலிருந்து விசில் பறக்கும்.

உண்மையான தலையிடி குச்சிதான். இரண்டு குச்சிகளும் எரிந்து தேயத் தேய இடைவெளி கூடும். கவனிக்காவிட்டால் சுடர் அறுந்து திரை இருண்டுவிடும். நெருக்கி முட்டவிட்டாலும் வெளிச்சம் கெடும். சுடர், அதன் பின்னாலுள்ள குழிக்கண்ணாடியின் குவியத்தை விட்டு விலகினால் படம் மஞ்சளிக்கும், இல்லாவிட்டால் நீலம் பாயும். அதனால் சுருள் ஏற்றுமுன் குச்சியின் நீளம் பார்ப்பது கட்டாயம். சுடர் ஆடாமல் நிற்க நேர்மின்னோட்டம் வேண்டும், அதற்கு மாறுமின்னோட்டத்தை நேராக்கும் ரெக்டிஃபயர் வேண்டும், எல்லாவற்றுக்கும் முதலில் கறன்ற் வேண்டும்.

1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டபின் அந்தக் கறன்றே இல்லாமற்போனது. எரிபொருளுக்கும் தடை. பெரிய ஜெனரேற்றருக்கு டீசல் தேடுவது நடக்காத காரியம். அதனால் படம் வீட்டு முற்றத்துக்கு வந்தது: ஒரு ரிவி, ஒரு வீடியோ டெக், பெற்றோலில் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓட்டும் சின்ன ஜெனரேற்றர். 1995 ஒக்ரோபர் இடப்பெயர்வோடு ஊரே காலியானது. குண்டும் மழையும் கெடுத்தது ஒருபுறம் என்றால், ஓடாமல் நின்ற இயந்திரத்தைத் துருவும் தூசியும் தின்றது மறுபுறம்.

இன்று படம் பார்க்க ராஜா இருக்கிறது; ஆஸ்பத்திரி வீதியில் 2013இல் திறந்த கார்கில்ஸ் சதுக்கத்தின் மேல்மாடியும் இருக்கிறது. டிஜிட்டல் புறஜெக்டருக்குப் புள்ளியும் வேண்டாம், குச்சியும் வேண்டாம். பழைய இடங்களைச் சுற்றுவதானால் காலை ஒன்பதுக்கு முன் நடந்துவிடுங்கள், அதற்குப் பிறகு தார்வீதி கொதிக்கும். புகைப்படம் எடுக்குமுன் உள்ளே இருப்பவரிடம் ஒரு சொல் கேளுங்கள்.