பம்புக்கு விலைப்புள்ளி போடும் மென்பொருள்: விதிகளை எழுதித் தருவது யார்?

கோயம்புத்தூரில் தொழிலகப் பம்புகள் தயாரிக்கும் ஒரு நடுத்தர நிறுவனத்தின் எஸ்டிமேஷன் பிரிவில் வேலை செய்கிறேன். வாடிக்கையாளர் கேட்பதற்கும் ஆலை செய்து தருவதற்கும் நடுவில் உட்கார்ந்திருக்கும் பிரிவு இது. பொருளைத் தேர்ந்தெடுப்பது, விலை கணக்கிடுவது, விலைப்புள்ளியை அச்சிட்டு அனுப்புவது ஆகிய மூன்றையும் ஒரே இடத்தில் செய்யும் சிபிக்யூ மென்பொருளுக்கு எங்கள் நிறுவனம் அண்மையில் மாறியது. அதே யோசனையில் இருக்கும் வேறு ஆலைக்காரர்கள், எந்த மென்பொருளை வாங்கலாம் என்று என்னிடம் கேட்கிறார்கள். அதற்குப் பதில் சொல்வதற்கு முன்னால் நான் அவர்களிடம் திரும்பக் கேட்பது ஒன்று உண்டு. உங்கள் பொருளை எப்படித் தேர்ந்தெடுக்க வேண்டும் என்ற விதிகள் இப்போது எங்கே இருக்கின்றன, அவற்றை எழுதித் தரப் போகிறவர் யார்?

வீட்டுக் கிணற்றுக்குப் போகும் மோனோபிளாக் பம்புக்கு இந்த மென்பொருள் தேவையே இல்லை. குதிரைத்திறன் வாரியாக ஒரு விலைப்பட்டியல் இருந்தால் போதும். தொழிலகப் பம்பின் கதை வேறு. ஐஎஸ்ஓ 2858 என்ற சர்வதேசத் தரத்தின் அளவுகளில் வரும் ஒரு பம்பு வரிசையில் 30 சைஸ்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். கேசிங்குக்கு (பம்பின் வெளிக்கூடு) 4 உலோகங்கள், இம்பெல்லருக்கு (உள்ளே சுழலும் சக்கரம்) 3, ஷாஃப்ட் சீலுக்கு (சுழலும் தண்டின் வழியே கசியாமல் தடுப்பது) 6 வகைகள், மோட்டாருக்கு 14 திறன்கள், ஃப்ளேஞ்ச் (குழாயோடு இணையும் விளிம்பு) துளையிடலுக்கு 4 தரங்கள் என்று பெருக்கினால் 1,20,960 சேர்க்கைகள் வருகின்றன. கப்ளிங் (மோட்டார் தண்டையும் பம்புத் தண்டையும் இணைப்பது), பேஸ் பிளேட் (இரண்டும் உட்காரும் அடித்தட்டு), பெயின்ட், சோதனைச் சான்று ஆகியவற்றை இதில் நான் சேர்க்கவே இல்லை. இவற்றில் பெரும்பகுதி செய்ய முடியாதவை அல்லது செய்யக் கூடாதவை. எவை என்று தெரிந்தவரைத்தான் நல்ல எஸ்டிமேட்டர் என்கிறோம்.

ஓர் உதாரணத்தைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். மணிக்கு 40 கன மீட்டர் தண்ணீரை 50 மீட்டர் உயரத்துக்குத் தள்ள வேண்டும் என்று ஓர் என்கொயரி வருகிறது. நீருக்குள் சேர வேண்டிய திறன் ஏறக்குறைய 5.45 கிலோவாட். பம்பின் செயல்திறன் 65 சதவீதம் என்றால் ஷாஃப்டில் 8.4 கிலோவாட் வேண்டும். அதற்கு மேல் 25 சதவீதம் இருப்பு வைத்தால் 10.5 ஆகிறது, ஆகவே 11 கிலோவாட் மோட்டார். அதே அளவு, அதே உயரம், ஆனால் தள்ள வேண்டியது 50 சதவீத காஸ்டிக் சோடாக் கரைசல் என்று மறுநாள் ஒரு திருத்தம் வருகிறது. அதன் ஒப்படர்த்தி (தண்ணீரோடு ஒப்பிட்ட அடர்த்தி) ஏறக்குறைய 1.5. ஓட்டத்தையும் உயரத்தையும் காட்டும் பம்பின் வளைகோட்டில் புள்ளி அசையவில்லை, ஆனால் ஷாஃப்ட் திறன் 12.6 கிலோவாட்டாக ஏறி, இருப்பையும் சேர்த்தால் 15.7 ஆகி, மோட்டார் 18.5 கிலோவாட்டுக்குப் போய்விடுகிறது. (பிசுபிசுப்பால் செயல்திறன் குறைவதைத் தனியே கணக்கிட வேண்டும், இங்கே அதை விட்டுவிடுகிறேன்.) 2 போல் மோட்டாரில் 11 கிலோவாட் 160எம் ஃப்ரேமில் (ஃப்ரேம் என்பது மோட்டார் உடலின் தர அளவு) வரும், 18.5 கிலோவாட் 160எல் ஃப்ரேமில் வரும். இரண்டுக்கும் ஷாஃப்ட் உயரம் ஒன்றுதான், ஆனால் மோட்டார் காலின் நீளவாட்டுத் துளை இடைவெளி 210 மில்லிமீட்டரிலிருந்து 254 மில்லிமீட்டராக மாறுகிறது. ஆகவே பேஸ் பிளேட் வரைபடம் மாறுகிறது. கப்ளிங்கின் தாங்குதிறனையும் சீலின் உலோகத்தையும் திரும்பப் பார்க்க வேண்டியிருக்கிறது. விலைப்புள்ளியில் திரவத்தின் பெயரை மட்டும் மாற்றி, மோட்டாரை அப்படியே விட்டு அனுப்பினால், அந்தத் தவறு அசெம்பிளியில் துளை பொருந்தாமல் போகும்போது தெரியவரும், அல்லது இன்னும் தாமதமாக, வாடிக்கையாளரின் ஆலையில் மோட்டார் ஓவர்லோடில் நிற்கும்போது.

இதுவரை சொன்னவை புத்தகத்தில் இருக்கும் விதிகள். இவற்றை மென்பொருளுக்குள் ஏற்றுவது கடினமான வேலை இல்லை. கடினமானவை எங்கும் எழுதப்படாத விதிகள். எங்கள் பிரிவின் மூத்த எஸ்டிமேட்டர் ஒரு குறிப்பிட்ட சைஸ் வரும்போதெல்லாம், "தம்பி, இதுல எஸ்.எஸ். கேட்டா ஒரு சைஸ் மேல போங்க, இதுக்கு பேட்டர்ன் சரி வராது" என்பார். அவருடைய எக்செல் தாளில் அந்தச் சைஸுக்கு எஸ்.எஸ். (துருப்பிடிக்காத எஃகு) விலை தடையின்றி வரும். தடை அவர் தலைக்குள் மட்டும்தான் இருந்தது. காரணத்தை ஃபவுண்டரியில் (வார்ப்பாலை) போய்க் கேட்டபோது விளக்கம் கிடைத்தது. வார்ப்பிரும்பு ஆறும்போது சுமார் 1 சதவீதம் சுருங்கும், துருப்பிடிக்காத எஃகு சுமார் 2 சதவீதம் சுருங்கும். வார்ப்பிரும்புக்காகச் செய்த பேட்டர்னை (அச்சு எடுக்க உதவும் மாதிரி வடிவம்) வைத்து எடுத்த அச்சில் எஃகை ஊற்றினால் கேசிங் சிறுத்து, ஃப்ளேஞ்ச் முகத்தில் கடைசல் பிடிக்க உலோகம் போதாமல் போகிறது. பெரும்பாலான சைஸ்களுக்குத் தனிப் பேட்டர்ன் இருந்தது, சிலவற்றுக்கு இல்லை. எவற்றுக்கு இல்லை என்ற பட்டியலை எந்தத் துறையும் தன் வேலையாக நினைத்து வைத்திருக்கவில்லை.

ஆகவே எங்கள் திட்டத்தில் அதிக உழைப்பை வாங்கியது நிரல் எழுதுவது இல்லை, இத்தகைய விதிகளைத் திரட்டுவது. ஆட்களை உட்காரவைத்து, உங்கள் விதிகளைச் சொல்லுங்கள் என்று கேட்டால் பொதுவான பதில்தான் வரும். அதைவிடப் பழைய ஆர்டர்களை எடுத்து, விலைப்புள்ளியில் சொன்னதும் கடைசியில் அனுப்பியதும் எங்கே வேறுபட்டன என்று ஒவ்வொன்றாகப் பார்த்தது பலன் தந்தது. ஒவ்வொரு வேறுபாட்டுக்கும் பின்னால் ஒரு விதி ஒளிந்திருந்தது. சில இடங்களில் இரண்டு விதிகள் ஒன்றோடொன்று மோதின: வடிவமைப்புப் பிரிவு ஒரு சீலை அனுமதித்திருந்தது, கொள்முதல் பிரிவோ அதைக் காலதாமதத்துக்காக எப்போதோ கைவிட்டிருந்தது. இந்த மோதலை மென்பொருள் தீர்த்துவைக்காது. இரு துறைத் தலைவர்களையும் ஒரே மேசைக்குக் கொண்டுவந்து, ஒருவர் கையொப்பமிட்டு முடிவு சொல்லும் வரை அந்த விதியை ஏற்றக் கூடாது என்று வைத்துக்கொண்டோம். இயற்பியல் விதி, பட்டறை விதி, நிறுவனக் கொள்கை ஆகியவற்றைத் தனித்தனியாகக் குறித்ததும் உதவியது. முதலாவது மாறாது, இரண்டாவது புதுப் பேட்டர்ன் வந்தால் மாறும், மூன்றாவது நிர்வாக இயக்குநர் நினைத்தால் நாளைக்கே மாறும்.

இந்தத் தலைவலி புதியதும் இல்லை. கணினி கொண்டு பொருளைக் கட்டமைக்கும் முதல் பெரிய முயற்சிகளில் ஒன்று எக்ஸ்கான். கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில் ஜான் மெக்டெர்மட் 1978-இல் தொடங்கி எழுதிய அந்த நிரலை, டிஜிட்டல் எக்விப்மென்ட் கார்ப்பரேஷன் தன் வாக்ஸ் கணினி ஆர்டர்களைச் சரிபார்க்க 1980-இலிருந்து பயன்படுத்தியது. ஆர்டரில் கேபிளோ இணைப்புப் பாகமோ விடுபட்டுப் போவதைத் தடுப்பதுதான் அதன் வேலை. அதில் அந்நிறுவனத்துக்குப் பெரிய லாபம் கிடைத்தது; ஆனால் இப்படியானால் அப்படிச் செய் என்ற வகையில் எழுதிய விதிகள் ஆயிரக்கணக்கில் பெருகி, புதிய பாகம் வரும்போதெல்லாம் அவற்றைத் திருத்துவதற்கே ஒரு குழு தேவைப்பட்டது. இன்றைய நல்ல மென்பொருள்கள், எவை எவற்றோடு சேரலாம் என்ற கட்டுப்பாட்டை மட்டும் அட்டவணையாகக் கொடுத்தால், எந்தப் பக்கத்திலிருந்து தேர்வைத் தொடங்கினாலும் பொருந்தாதவற்றைத் தாமே விலக்குகின்றன. வாடிக்கையாளர் சீலை முதலில் சொன்னாலும் சரி, மோட்டாரை முதலில் சொன்னாலும் சரி. விற்பனையாளர் டெமோ காட்டும்போது நான் முதலில் சோதிக்கச் சொல்வது இதைத்தான்: கடைசித் தேர்வை முதலில் செய்து காட்டுங்கள்.

சிபிக்யூ மென்பொருள் நிறுவனங்களான பிக்மெஷின்ஸை ஆரக்கிள் 2013-இலும், ஸ்டீல்பிரிக்கை சேல்ஸ்ஃபோர்ஸ் 2015-இலும் வாங்குவதாக அறிவித்த பிறகு இந்தத் துறை பெரிய கைகளுக்குப் போய்விட்டது. சந்தா விற்பவர்களுக்கும் எந்திரம் விற்பவர்களுக்கும் தேவை ஒன்று இல்லை. ஸ்வீடனின் டாக்டன், டென்மார்க்கின் கான்ஃபிகிட் போன்றவை எந்திரப் பக்கத்திலிருந்து வந்தவை. பெயரைப் பார்த்து வாங்குவதைவிட உங்கள் பொருளில் மிகச் சிக்கலான ஒன்றைக் கொடுத்துச் செய்து காட்டச் சொல்வதே மேல்.

விலைப் பகுதி எளிது என்று எல்லோரும் நினைக்கிறார்கள். அங்கேதான் பணம் ஒழுகுகிறது. 80,000 ரூபாய் அடக்கமுள்ள பம்பை 1,00,000 ரூபாய்க்கு விற்றால் லாபம் 20,000. டீலர் கழிவு 10 சதவீதம் கொடுத்தால் விலை 90,000, லாபம் பாதியாகிவிடுகிறது. அதன் மேல் ஆர்டரை முடிக்க இன்னொரு 5 சதவீதம் விட்டுக்கொடுத்தால் விலை 85,500, கையில் மிஞ்சுவது 5,500. விற்பனைப் பொறியாளரின் கண்ணுக்குத் தெரிவது 5 சதவீதம்தான். அது அந்த நிலையில் இருந்த லாபத்தில் 45 சதவீதம் என்பது முன்பு யாருக்கும் உடனே தெரியாது. இப்போது கழிவுக் கட்டத்தில் எண்ணைப் போட்டவுடன் மீதி லாபம் பக்கத்திலேயே தெரிகிறது; ஓர் எல்லைக்குக் கீழே போனால் மேலாளரின் ஒப்புதல் இல்லாமல் விலைப்புள்ளி அச்சாகாது. விற்பனைப் பிரிவினர் முதலில் இதை வேவு பார்ப்பதாகத்தான் எடுத்துக்கொண்டார்கள். ஒப்புதலுக்காகத் தொலைபேசியில் துரத்த வேண்டியதில்லை என்று கண்ட பிறகு அந்தப் பேச்சு அடங்கியது.

விலைக்கும் வரிக்கும் நடைமுறைத் தேதி வைக்க இடம் இருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். தண்ணீர் இறைக்கும் மின்பம்புகளுக்கான ஜிஎஸ்டி 2022 ஜூலை 18 அன்று 12 சதவீதத்திலிருந்து 18 சதவீதமானது. அதற்கு முந்தைய வாரம் 30 நாள் செல்லுபடியோடு போன விலைப்புள்ளியில் வரியும் சேர்ந்த மொத்தத் தொகை மட்டும் இருந்தால் என்ன சச்சரவு வரும் என்று சொல்ல வேண்டியதில்லை. வார்ப்பட விலையும் செம்பு விலையும் அதைவிட அடிக்கடி மாறுகின்றன.

ஆர்டர் கிடைத்த பிறகு நடப்பதைப் பலர் கடைசிக்குத் தள்ளிவைக்கிறார்கள். தேர்ந்தெடுத்த கட்டமைப்பு நேராக இஆர்பியில் (உற்பத்தி, கொள்முதல், கணக்கு ஆகியவற்றை நடத்தும் நிறுவன மென்பொருள்) பாகப்பட்டியலாக இறங்காமல், யாரோ ஒருவர் பிடிஎஃப்பைப் பார்த்து மறுபடி தட்டச்சு செய்வதாக இருந்தால், போட்ட காசில் பாதி வீண். எல்லா விருப்பத் தேர்வுகளையும் அடக்கிய ஒரு முழுப் பட்டியலை வைத்து, தேர்ந்தெடுக்காதவற்றை உதிர்க்கும் முறையை நாங்கள் பின்பற்றுகிறோம். இதற்காக ஒரே போல்ட்டுக்கு மூன்று பாக எண்கள் இருந்த நிலையைச் சுத்தம் செய்ய வேண்டியிருந்தது. அது அலுப்பான வேலை, வேறு வழியும் இல்லை.

எல்லாவற்றையும் மென்பொருளுக்குள் அடைக்கவும் கூடாது. புது உலோகம், வழக்கத்துக்கு மாறான வெப்பநிலை, வாடிக்கையாளரே வரைபடம் தரும் பேஸ் பிளேட் ஆகியவை ஒரு பொத்தானை அழுத்தினால் வடிவமைப்புப் பிரிவுக்குப் போய்விடும். அங்கே ஒரு மனிதர் பார்த்து விலை சொல்வார். அதே சிறப்புக் கோரிக்கை திரும்பத் திரும்ப வந்தால் மட்டுமே அதை விதியாக மாற்றுகிறோம். விதி அட்டவணைக்குப் பொறுப்பு ஐடி பிரிவிடம் இல்லை. எஸ்டிமேஷன், வடிவமைப்பு, ஃபவுண்டரி ஆகியவற்றிலிருந்து ஒவ்வொருவர் இருக்கிறார்கள், மாற்றம் எதுவானாலும் காரணத்தோடு பதிவாகிறது. முன்பு சொன்ன மூத்த எஸ்டிமேட்டர்தான் இப்போது அந்த அட்டவணையில் கடைசிக் கையொப்பம் இடுகிறவர்.

டீலர்களும் நேரடியாக உள்ளே வந்து விலைப்புள்ளி எடுக்க வழி செய்யுங்கள் என்று விற்பனைப் பிரிவு கேட்டுக்கொண்டிருக்கிறது. மோனோபிளாக், போர்வெல் பம்புகளின் விலைப்பட்டியலை மட்டும் அவர்களுக்குத் திறந்திருக்கிறோம். வேதித் தொழிற்சாலைப் பம்புகளைத் திறக்கவில்லை. திரவத்தின் பெயர், செறிவு, வெப்பநிலை ஆகிய மூன்றையும் நிரப்பாமல் அடுத்த திரைக்குப் போக முடியாதபடி படிவத்தை மாற்றியமைத்து, டீலர்கள் அதில் உண்மையில் என்ன நிரப்புகிறார்கள் என்று சில காலம் பார்த்த பிறகே முடிவெடுக்கப் போகிறோம்.